பழைய கார் ஹெட்லைட் மக்கர் பண்ணுதா? உப்புக்காத்து ஊர்ல எதை முதல்ல பாக்கணும்

கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் வச்சிருக்கவங்க ஹெட்லைட் சரியில்லன்னா முதல்ல பல்ப் மாத்துவாங்க, அப்புறம் பேட்டரி மாத்துவாங்க, அதுக்கும் சரியாகலன்னா வண்டியையே குடுத்துடலாமான்னு யோசிப்பாங்க. எங்க வீட்டு 800, மாமாவோட ஆம்னி, தெருவுல இருக்கற இன்னும் சில வண்டின்னு திரும்பத் திரும்ப இதே வேலையைப் பாத்ததுல எனக்குப் பிடிபட்டது, நம்ம ஊர்ல முக்கால்வாசி நேரம் குத்தவாளி பல்ப் இல்ல, எர்த்தும் (கரண்ட் பாடி வழியா பேட்டரி மைனஸுக்குத் திரும்பற வழி) ஹோல்டரும் (பல்ப் பின்னாடி சொருகற பிளக்)தான். தேவனாம்பட்டினத்துலயோ முதுநகர்லயோ புதுச்சேரி கடற்கரைப் பக்கத்துலயோ ராத்திரி வெளியில நிக்கற வண்டின்னா பானெட்டைத் திறந்து ஹோல்டரை உருவிப் பாருங்க, பித்தளை காண்டாக்ட்ல பச்சையா களிம்பு பூத்திருக்கும், எர்த் போல்ட் துரு ஏறி செம்மண் கலர்ல இருக்கும்.

அதனால கீழ எல்லாத்தையும் காசு செலவில்லாததுல ஆரம்பிச்சு செலவு ஜாஸ்தியானது வரைக்கும் அந்த வரிசையிலதான் சொல்லிருக்கேன். உங்க வண்டியில என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க.

கையில என்ன வேணும்

சாதாரண மல்டிமீட்டர் ஒண்ணு, ஹோல்டரோட ஒரு 21 வாட் இன்டிகேட்டர் பல்ப் (ரெண்டு வயர் இழுத்து முனையில முதலை கிளிப் போட்டா அதுதான் டெஸ்ட் லேம்ப்), ரெண்டு முனையிலயும் கிளிப் போட்ட தடிமனான வயர் ரெண்டு மீட்டர், உப்புத்தாள், 10 நம்பர் ஸ்பேனர், நல்லா எரியுதுன்னு தெரிஞ்ச ஹெச்4 பல்ப் (டிம், பிரைட் ரெண்டு இழையும் ஒண்ணுலயே இருக்கற ஹெட்லைட் பல்ப்) ஒண்ணு. அவ்ளோதான்.

வயர்ல கை வைக்கறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸைக் கழட்டிடுங்க, டெஸ்ட் பண்றப்போ மட்டும் மாட்டிக்கலாம். ஹாலஜன் பல்ப் கண்ணாடியை வெறும் கையால தொடாதீங்க, விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறி பல்ப் சீக்கிரம் போயிடும், தொட்டுட்டா ஸ்பிரிட்ல துடைச்சிட்டு மாட்டுங்க. இப்பதான் அணைச்ச பல்ப்னா கொஞ்சம் ஆற விடுங்க, தோல் உரிஞ்சிடும்.

இன்னொண்ணு, உங்க வண்டி வயரிங் எந்த மாதிரின்னு முதல்லயே பாத்துக்கிட்டா பாதி குழப்பம் மிச்சம். ரெண்டு பக்க ஹோல்டரையும் உருவிட்டு டெஸ்ட் லேம்ப் கிளிப்பை பேட்டரி மைனஸ்ல மாட்டி லைட்டை ஆன் பண்ணி ஹோல்டரோட மூணு காண்டாக்ட்லயும் தொடுங்க. டிம்ல ஒரு காண்டாக்ட்லயும் பிரைட்ல இன்னொரு காண்டாக்ட்லயும் எரிஞ்சு மூணாவதுல எரியவே இல்லன்னா சாதா வயரிங், மூணாவது எர்த். சில ஜப்பான் டிசைன் வண்டியில தலைகீழா இருக்கும், ரெண்டு இழைக்கும் பொதுவான காமன் காண்டாக்ட்ல பிளஸ் வந்து நிக்கும், சுவிட்ச் எர்த்தைத்தான் மாத்தி மாத்திக் குடுக்கும். அப்படி இருந்தா கீழ நான் "பல்ப் எர்த்"னு சொல்ற இடத்துல எல்லாம் சுவிட்ச் வழியா வர்ற எர்த்னு எடுத்துக்கங்க.

ஒரு பக்கம் மட்டும் எரியல

முதல்ல இடது பல்பை வலதுலயும் வலதை இடதுலயும் மாத்தி மாட்டுங்க. கோளாறு பல்போட சேர்ந்து அந்தப் பக்கம் போச்சுன்னா பல்ப்தான், முடிஞ்சது கதை. கண்ணால பாத்து இழை முழுசா இருக்குன்னு நம்பிடாதீங்க, சில நேரம் அடியில பிட்டுக்கிட்டு இருக்கும், வெளிய தெரியாது. மீட்டரை ஓம்ஸ்ல வச்சுப் பாத்தா நல்ல இழை ஆறின நிலையில ஒரு ஓமுக்கும் கீழதான் காட்டும்.

பல்ப் மாத்தியும் அதே பக்கமே எரியலன்னா:

ஹோல்டரைப் பாருங்க. பிளாஸ்டிக் பழுப்பா வெந்திருக்கா, காண்டாக்ட் விரிஞ்சு லூஸா இருக்கா, களிம்பு இருக்கா. விரிஞ்சிருந்தா மூக்கு பிளையரால லேசா அழுத்தி இறுக்கலாம், களிம்பை உப்புத்தாள் சுருட்டி உள்ள விட்டுத் தேய்ச்சு எடுக்கலாம். வெந்திருந்தா தேய்ச்சு பிரயோஜனமில்ல, பீங்கான் ஹோல்டர் கிடைக்குது, வாங்கி மாட்டிடுங்க. ஆனா வயரை முறுக்கி டேப் சுத்தறது மட்டும் வேணாம், ஒரு மழைக்காலம் தாங்காது. சால்டரிங் வச்சு மேல சுருங்கற ஸ்லீவ் போடுங்க.

ஹோல்டர் நல்லா இருந்தா எர்த். தடிமனான வயரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ணை ஹோல்டரோட எர்த் வயர் சேர்ற போல்ட்லயும் பிடிங்க. லைட் பளிச்சுன்னு வந்துச்சுன்னா பாடி எர்த் போயிடுச்சு. போல்ட்டைக் கழட்டி கீழ இருக்கற பெயின்ட்டையும் துருவையும் தகரம் பளபளன்னு தெரியற வரைக்கும் தேய்ச்சு, வயர் முனையில இருக்கற வளையத்தையும் தேய்ச்சு, இறுக்கிட்டு மேல வாசலின் தடவி விடுங்க. இது ஒரு ரூபா செலவில்லாத வேலை, ஆனா நம்ம ஊர்ல இதைவிட அதிகமா ஹெட்லைட்டை சரி பண்ணின வேலை வேற எதுவும் கிடையாது.

அதுவும் இல்லன்னா ஃபியூஸ், நிறைய வண்டியில இடது வலதுக்கு தனித்தனியா இருக்கும். ஃபியூஸும் நல்லா இருந்தா நடுவுல வயர் எங்கயோ அறுந்திருக்கு, எலி கடிச்சிருக்கான்னு ஹார்னஸ் (வயர் கட்டு) நெடுக கையால தடவிப் பாருங்க.

பிரைட் போட்டா ஒரு பக்கம் பளிச், இன்னொரு பக்கம் செக்கச்செவேல்னு மங்கலா எரியுது

இதைப் பாத்தா நிறைய பேர் பல்ப் வீக்குன்னு நினைச்சுக்கறாங்க. இல்ல. அந்தப் பல்போட எர்த் அறுந்துடுச்சு, கரண்டுக்கு திரும்பிப் போக வழி இல்லாம அதே பல்போட இன்னொரு இழை வழியா சுத்திக்கிட்டு அடுத்த பக்க பல்ப் மூலமா எர்த்துக்குப் போகுது. அதனாலதான் கிட்ட போய் உத்துப் பாத்தா மங்கலா இருக்கற பல்ப்ல டிம் இழை பிரைட் இழை ரெண்டுமே லேசா சிவந்திருக்கும். இன்டிகேட்டர் போட்டா ஹெட்லைட் கூடவே துடிக்குது, ஹெட்லைட் போட்டா பார்க்கிங் லைட் மங்குது, எல்லாம் இதே கேஸ்தான். மேல சொன்ன எர்த் வேலையைப் பண்ணுங்க, வேற எதுலயும் கை வைக்காதீங்க.

ரெண்டு பக்கமும் மொத்தமா எரியல

பார்க்கிங் லைட் எரியுதான்னு பாருங்க. அதுவும் எரியாம ஹார்னும் சத்தம் கம்மின்னா பேட்டரி டெர்மினல்ல வெள்ளைப் பூ பூத்திருக்கும், சுடுதண்ணி ஊத்தி கழுவி இறுக்கிட்டுத் திரும்பப் பாருங்க.

பார்க்கிங் எரியுது ஹெட்லைட் மட்டும் இல்லன்னா, பாஸ் லிவரை (எதிர் வண்டிக்கு பிரைட் மினுக்கிக் காட்டற லிவர்) இழுத்துப் பாருங்க. இழுக்கறப்போ பிரைட் அடிக்குதுன்னா பல்ப், ஹோல்டர், எர்த் எல்லாம் நல்லா இருக்கு, ஹெட்லைட் சுவிட்ச் இல்லன்னா அதுக்கு வர்ற சப்ளைதான் போயிருக்கு. பாஸும் அடிக்கலன்னா ஃபியூஸ், ரிலே (சின்ன கரண்ட்ல பெரிய கரண்டை ஆன் பண்ற சுவிட்ச் டப்பா) இருக்கற வண்டின்னா ரிலே. ரிலேவை சுலபமா பாக்கணும்னா பக்கத்துல ஹார்ன் ரிலே அதே மாதிரி இருந்தா இடம் மாத்திப் போடுங்க.

டிம் மட்டும் ரெண்டு பக்கமும் இல்ல, பிரைட் எரியுதுன்னா உடனே டிம் சுவிட்ச்னு முடிவு பண்ணிடாதீங்க. ஊருக்குள்ள எப்பவும் டிம்லதான் ஓட்டறோம், ஒரு பக்க டிம் எப்பவோ போயிருக்கும், கவனிச்சிருக்க மாட்டோம், இப்போ ரெண்டாவதும் போனதும்தான் கண்ணுக்குத் தெரியுது. ஹோல்டர்ல டெஸ்ட் லேம்ப் வச்சுப் பாருங்க, டிம் காண்டாக்ட்ல கரண்ட் வந்தா ரெண்டு பல்பும் வாங்குங்க. வரலன்னா அப்புறம் ஸ்டியரிங் கீழ இருக்கற காம்பினேஷன் சுவிட்ச்.

எரியுது ஆனா வெளிச்சமே இல்ல

ராத்திரி பண்ருட்டி ரோட்லயோ விருத்தாசலம் ரோட்லயோ போனவங்களுக்கு இது புரியும், எதிர்ல லாரி வந்துட்டுப் போனா நம்ம லைட் எரியுதான்னே சந்தேகம் வரும், நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு சீசன்ல பின்னாடி ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர்கூட இல்லாம டிராக்டர் டிரெய்லர் போகுது பாருங்க, அப்போ அடிவயிறு கலங்கும்.

இதுக்கு எல்லாரும் பண்ற வைத்தியம் 100/90 வாட் பல்ப். தயவுசெஞ்சு வேணாம். சாதா ஹெச்4 60/55 வாட், 12 வோல்ட்ல 60 வாட் இழை 5 ஆம்பியர் இழுக்கும், ரெண்டு பக்கமும் சேர்த்து 10. நூறு வாட்டா போட்டா அது 16-க்கு மேல போயிடும். பழைய வண்டி நிறையத்துல ஹெட்லைட்டுக்கு ரிலேயே கிடையாது, அந்த முழு கரண்டும் ஸ்டியரிங் சுவிட்ச் வழியாத்தான் போகணும். ஹோல்டர் உருகும், சுவிட்ச் வேகும், வயர்ல வோல்ட் இன்னும் குறையும், கடைசியில வெளிச்சமும் நினைச்ச அளவு வராது.

பதிலா அளந்து பாருங்க. இஞ்சின் ஓடட்டும், லைட் எரியட்டும், பல்ப் ஹோல்டர் மாட்டின நிலையிலயே இருக்கணும், இதுதான் முக்கியம். ஹோல்டரை உருவிட்டு அளந்தா அழுகின வயர்லகூட 12 வோல்ட் அழகா காட்டி உங்களை ஏமாத்தும், குழாயை மூடி வச்சா அடைச்ச பைப்புலயும் பிரஷர் இருக்கற மாதிரிதான் இதுவும். ஹோல்டர் பின்னாடி வயர் நுழையற ஓட்டை வழியா குண்டூசி விட்டு மீட்டர் முனையைத் தொடுங்க.

முதல்ல பேட்டரி ரெண்டு முனையிலயும், 13.8-லேர்ந்து 14.4 வரைக்கும் இருக்கணும். அப்புறம் மீட்டர் சிவப்பை பேட்டரி பிளஸ்லயும் கருப்பை பல்ப் பிளஸ்லயும் வைங்க, வர்ற நம்பர்தான் பிளஸ் பக்க வயர்ல தொலையற வோல்ட். அடுத்து சிவப்பை பல்ப் எர்த்லயும் கருப்பை பேட்டரி மைனஸ்லயும், அது எர்த் பக்கம் தொலையறது. ரெண்டும் சேர்த்து அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா வயரிங் நல்லா இருக்கு. ஒரு வோல்ட்டைத் தாண்டினா வேலை இருக்கு. ஏன்னா ஹாலஜன்ல வோல்ட் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் விழுந்துடும்.

எர்த் பக்கம் ஜாஸ்தியா தொலைஞ்சா: போல்ட் தேய்க்கிறதுதான், தேய்ச்சும் குறையலன்னா, சாதா வயரிங் வண்டியில மட்டும், பல்ப் எர்த்லேர்ந்து நேரா பேட்டரி மைனஸுக்கு ஒரு தனி வயர் இழுத்துடுங்க. தகரம் துரு பிடிச்ச கடலோர வண்டிக்கு இதுதான் நிரந்தரம்.

பிளஸ் பக்கம் ஜாஸ்தியா தொலைஞ்சா: ஃபியூஸ் முனை, கப்ளர் (வயர் ரெண்டும் சேர்ற பிளக்) எல்லாம் சுத்தம் பண்ணிட்டு மறுபடி அளங்க. அப்பவும் அப்படியேன்னா ரிலே போடுங்க. டிம்முக்கு ஒண்ணு பிரைட்டுக்கு ஒண்ணு, நாலு பின் ரிலே (30, 85, 86, 87 எல்லாம் ரிலே பின்னோட நம்பர்). பேட்டரி பிளஸ்லேர்ந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியா 30-க்கு, 87-லேர்ந்து 2.5 ஸ்கொயர் எம்எம் வயர்ல பல்புக்கு, பழைய பல்ப் வயர் வந்து 86-ல, 85 எர்த்துக்கு. ஃபியூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கணும், தள்ளி வச்சா நடுவுல வயர் உரசினா காப்பாத்த ஆள் இல்ல. எர்த் மாத்தற டைப் வயரிங்னா 85-ஐ சுவிட்ச் எர்த் வயர்லயும் 86-ஐ பிளஸ்லயும் குடுக்கணும், பல்ப் காமனையும் பிளஸ்லேர்ந்து எடுத்து எர்த்துக்கு மாத்திடணும். ரிலே போட்ட அன்னிக்கு ராத்திரி அதே பழைய 60/55 பல்ப்லயே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

வோல்ட் எல்லாம் சரியா இருந்தும் மங்கல்னா வயரிங்கை விடுங்க. உள்ள ரிஃப்ளெக்டர்ல வெள்ளி உரிஞ்சு கருத்திருக்கா, வெளிக்கண்ணாடி பிளாஸ்டிக்னா மஞ்சள் ஏறியிருக்கா பாருங்க. மஞ்சளைத் தேய்ச்சு எடுக்கலாம், வெள்ளி போனா டூம் (ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் சேர்ந்த ஹெட்லைட் கூடு) மாத்தறதுதான்.

எல்ஈடி பல்ப் போடலாமான்னு கேப்பீங்க. ஹாலஜனுக்கு செஞ்ச ரிஃப்ளெக்டர்ல அதைச் சொருகினா நம்ம கண்ணுக்கு வெள்ளையா தெரியும், எதிர்ல வர்றவனுக்கு கண்ணு போயிடும். நான் போடறதில்ல.

ஐடில்ல மங்குது, ரேஸ் குடுத்தா பளிச்சுன்னு வருது

கொஞ்சம் மங்கறது பழைய வண்டிக்கு சகஜம். ரொம்ப மங்குதுன்னா ஃபேன் பெல்ட் லூஸா இருக்கான்னு பாருங்க, நடுவுல விரலால அழுத்தினா தொங்கக்கூடாது. அடுத்து பேட்டரி, வண்டி நின்னு சில மணி நேரம் கழிச்சு அளந்தா 12.6 பக்கம் இருக்கணும், 12.2 வந்தா பாதிதான் சார்ஜ் இருக்கு. பெல்ட்டும் பேட்டரியும் சரி, ஆனா ஓடறப்போ 13-க்குக் கீழயே நிக்குதுன்னா ஆல்டர்னேட்டர் கார்பன் தேஞ்சிருக்கும் இல்லன்னா டயோடு போயிருக்கும். அது வீட்ல பாக்கற வேலை இல்ல.

பல்ப் அடிக்கடி ஃபியூஸ் ஆகுது

ரேஸ் குடுத்து பேட்டரியில அளங்க. 15 வோல்ட்டைத் தொட்டா ரெகுலேட்டர் போயிடுச்சு, பல்ப் மட்டும் இல்ல பேட்டரியும் கொதிச்சு தண்ணி இழுக்கும், உடனே காட்டுங்க. வோல்ட் சரியா இருந்தா கண்ணாடியில விரல் பட்டது, உள்ள தண்ணி போறது, டூம் ஸ்க்ரூ ஒடிஞ்சு ஆடறது, விலை கம்மியான பல்ப், இதுல ஒண்ணு.

ஃபியூஸ் போட்டா போட்டா போகுது

முதல் விஷயம், சிகரெட் அட்டை வெள்ளித்தாளோ செம்புக் கம்பியோ வச்சு ஓட்டாதீங்க, 15 போகுதுன்னு 30 போடாதீங்க. அப்புறம் உருகறது வயர்தான், வண்டி நின்ன இடத்துலயே எரிஞ்சுடும்.

போன ஃபியூஸைக் கழட்டிட்டு அந்த ரெண்டு முனையிலயும் நம்ம 21 வாட் டெஸ்ட் லேம்ப்பை மாட்டுங்க. ரெண்டு ஹெட்லைட் ஹோல்டரையும் உருவிட்டு லைட்டை ஆன் பண்ணுங்க. டெஸ்ட் லேம்ப் எரியாம இருக்கணும். பளிச்சுன்னு எரிஞ்சா வயர் எங்கயோ பாடியில உரசுது. இப்போ லேம்ப்பைப் பாத்துக்கிட்டே ஹார்னஸை ஒவ்வொரு இடமா ஆட்டுங்க, ரேடியேட்டர் சட்டம், பேட்டரி தட்டு, தகரத்துல ரப்பர் கழண்டு போன ஓட்டைன்னு. எந்த இடத்துல ஆட்டறப்போ லேம்ப் மினுக்குதோ அங்க டேப்பைப் பிரிச்சுப் பாருங்க. ஹோல்டர் உருவினதும் லேம்ப் அணைஞ்சுடுதுன்னா வயர் நல்லா இருக்கு, ஹோல்டருக்குள்ளயோ பல்ப்லயோ ஷார்ட். வயல் பக்கம், தோப்புப் பக்கம் நிறுத்தற வண்டின்னா எலியை முதல்ல சந்தேகப்படுங்க.

குழியில விழுந்தா அணையுது, அப்புறம் தானா வருது

லைட் எரியவிட்டு ஹோல்டர், ஃபியூஸ் பாக்ஸ், பேட்டரி டெர்மினல்னு ஒவ்வொண்ணா தட்டிப் பாருங்க, எதைத் தட்டினா மினுக்குதோ அதுதான். குழியே இல்லாம அரை மணி ஓட்டினதுக்கப்புறம் அணைஞ்சு, ஆறினதும் திரும்ப வந்தா காம்பினேஷன் சுவிட்ச் உள்ள காண்டாக்ட் கருகிடுச்சு. ஸ்டியரிங் கவர் மேல கை வச்சா சூடு தெரியும், சில நேரம் பிளாஸ்டிக் வேகற நாத்தம்கூட வரும். இதைத் தள்ளிப் போடாதீங்க. புது சுவிட்ச் போட்டா கையோட ரிலேயும் போட்டுடுங்க, இல்லன்னா புதுசும் அதே கதிதான்.

உள்ள தண்ணி கோத்துக்கிட்டு நிக்குது

ஐப்பசி கார்த்திகை வந்தா கேக்கவே வேணாம். பின்னாடி ரப்பர் பூட் கிழிஞ்சிருந்தா அதை மாத்துங்க, கண்ணாடி ஓரம் விட்டிருந்தா சிலிகான் வைங்க, ஆனா டூமுக்கு அடியில இருக்கற சின்ன ஓட்டையை அடைச்சிடாதீங்க, அதுதான் தண்ணி வெளிய போற வழி.

2015 வெள்ளத்துலயோ 2024-ல ஃபெஞ்சல் புயலப்போவோ முழுகின வண்டியை வாங்கியிருந்தா கதையே வேற. கப்ளர் எல்லாத்துக்குள்ளயும் சேறு காய்ஞ்சு கிடக்கும், இன்னிக்கு ஹெட்லைட், நாளைக்கு வைப்பர், அடுத்த வாரம் செல்ஃப்னு வரிசையா வரும். ஒவ்வொண்ணா துரத்தாம மொத்த ஹார்னஸையும் ஒரே தடவையா பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க.

எப்போ எலக்ட்ரிஷியன்கிட்ட போகணும்

வயர் வேகற நாத்தம் வந்தா, ஹார்னஸ் டேப்புக்குள்ள வயர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்தா, ஆல்டர்னேட்டர் பிரச்சனைன்னு மீட்டர் சொன்னா, ஸ்டியரிங்ல ஏர்பேக் இருக்கற வண்டியில சுவிட்ச் கழட்டணும்னா, வெள்ளத்துல முழுகின வண்டின்னா நீங்களே நோண்டாதீங்க. 15 வருஷம் முடிஞ்சு ஆர்சி புதுப்பிக்கப் போறப்போவும் ஒரு தடவ காட்டிடறது நல்லது, ஆர்டிஓ ஆபீஸ்ல லைட்டைப் போட்டுப் பாப்பாங்க, டிம் வெளிச்சம் மேல தூக்கி அடிச்சா திருப்பி அனுப்பிடுவாங்க. வீட்லயே பாக்கணும்னா மட்டமான தரையில சுவத்துலேர்ந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்க, டிம் வெளிச்சத்தோட மேல்கோடு லைட் உயரத்தைவிட சுமார் 10 சென்டிமீட்டர் கீழ இருக்கணும்.

கடைக்குப் போறப்போ "லைட் சரியில்லண்ணே"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அவர் கையில கிடைச்சதை மாத்திடுவார். எந்தப் பக்கம், டிம்மா பிரைட்டா, பல்ப் மாத்திப் பாத்தாச்சா, பிளஸ் பக்கம் எவ்ளோ எர்த் பக்கம் எவ்ளோ வோல்ட் தொலையுதுன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. வேலை முடிஞ்சதும் பணம் குடுக்கறதுக்கு முன்னாடி அவர் முன்னாடியே மீட்டரை வைங்க, இன்னும் ஒரு வோல்ட் காட்டுச்சுன்னா "அண்ணே, எர்த்தை மட்டும் இன்னொரு தடவ பாத்துடுங்க"ன்னு அங்கயே சொல்லிடுங்க.